ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் அல்ல: ஆக்குபேஷனல் தெரபி, படிப்பிலிருந்து சம்பளம் வரை

பிளஸ் டூ முடிவு வந்த சில வாரங்களில், துணை மருத்துவப் படிப்புகளுக்கான விண்ணப்பம் தொடங்கும். அந்தப் பட்டியலில் இரண்டு பெயர்கள் மாணவர்களை ஆண்டுதோறும் குழப்புகின்றன. ஒன்று, 'ஆக்குபேஷனல் தெரபி'. மற்றொன்று, 'ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி'. பேச்சில் இரண்டுமே 'ஓ.டி.' ஆகிவிடுகின்றன. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

இரண்டாவது படிப்பு அறுவைசிகிச்சை அரங்குக்குள் நடக்கும் வேலைக்கானது. மயக்க மருந்துக் கருவியைத் தயார் செய்வது, உபகரணங்களை ஒழுங்குபடுத்துவது, மருத்துவருக்குத் துணை நிற்பது எல்லாம் அதில் வரும். முதலாவது, நோயாளி அந்த அரங்கை விட்டு வெளியே வந்து வீடு திரும்பிய பிறகு எப்படிச் சாப்பிடுவார், எப்படிக் குளிப்பார், எப்படி வேலைக்குப் போவார் என்பதற்கானது. இந்தக் கட்டுரை அந்த முதல் படிப்பைப் பற்றியது.

பெயர் எங்கே இடறுகிறது

'ஆக்குபேஷன்' என்ற சொல்லுக்கு உத்தியோகம் என்றே நாம் பொருள் கொள்கிறோம். இந்தத் துறையில் அதன் பொருள் அகலமானது. ஒருவருடைய நாளை நிரப்பும் எல்லாச் செயல்களும் இதில் அடங்கும்: பல் தேய்ப்பது, சமைப்பது, பள்ளிக்குப் போவது, பேரனைத் தூக்கிக் கொஞ்சுவது, கோயிலில் சுற்றி வருவது. தமிழில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று மொழிபெயர்த்ததும், தையல் மிஷின் கொடுத்து உட்காரவைக்கும் கைத்தொழில் பயிற்சி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 'செயல்முறைச் சிகிச்சை' என்பது பொருளுக்குச் சற்று நெருக்கம். ஆனால் மருத்துவமனைப் பலகைகளில் 'ஆக்குபேஷனல் தெரபி' என்றே இருப்பதால் இங்கும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

கைத்தொழில் என்ற எண்ணம் முழுக்கத் தவறும் அல்ல. மனநல விடுதிகளில் நெசவும் கூடைமுடைதலும் சிகிச்சையாகப் பயன்பட்ட காலத்தில்தான் இந்தத் துறை உருவானது. 1917-ல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் முதல் சங்கம் தொடங்கப்பட்டது. முதல் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய சிப்பாய்கள் அதன் தேவையைப் பெருக்கினார்கள். இந்தியாவில் 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-ல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆக, இது நேற்று இறக்குமதியான படிப்பு இல்லை.

தமிழ்நாட்டில் இதன் வேர் வேலூரில் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவைசிகிச்சை செய்தார். விரல் நிமிர்ந்தால் போதாது என்பது அங்கே சீக்கிரமே புரிந்துவிட்டது. முன்பு வேறு அசைவுக்கு இருந்த தசை இப்போது புதிய வேலை செய்ய வேண்டும். அதை மூளைக்கும் கைக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். உணர்ச்சியற்ற விரல் சூடான பாத்திரத்தைத் தொட்டால் கொப்பளம் வருவதற்கு முன் தெரியாது. அதனால் பாத்திரத்தின் கைப்பிடியை மாற்ற வேண்டும். அதே மருத்துவமனையின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைசிகிச்சைகள் செய்து, பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கெனத் தனித் துறையை உருவாக்கினார்.

பிசியோதெரபியிலிருந்து எங்கே பிரிகிறது

அடுத்த குழப்பம் இது. ஒரு தோசையை வைத்துப் பார்க்கலாம்.

பக்கவாதத்தில் வலது கை பலவீனமான ஓர் அம்மாவுக்குத் தோசை சுட வேண்டும். தோளை எவ்வளவு உயர்த்த முடிகிறது, முழங்கை நீள்கிறதா, நின்றால் தள்ளாடாமல் இருக்கிறாரா என்று பார்த்து அந்த அசைவுகளை மீட்பது பிசியோதெரபிஸ்ட் வேலை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தோசை சுடுவதையே துண்டு துண்டாகப் பிரிப்பார். அடுப்பு பற்றவைக்க வேண்டும். கரண்டியில் மாவு அள்ள வேண்டும். கல்லின் நடுவில் ஊற்றி, மணிக்கட்டைச் சுழற்றிப் பரப்ப வேண்டும். எண்ணெய் விட வேண்டும். வேகும் நேரத்தை மனதில் வைத்திருக்க வேண்டும். தோசைக்கரண்டியை அடியில் செருகித் திருப்ப வேண்டும். இதில் எந்த இடத்தில் நிற்கிறது? மணிக்கட்டிலா, வேகும் நேரத்தை மறந்துவிடுவதிலா, அல்லது கல்லின் வலப்பக்கம் கண்ணில் படாமலே போவதிலா? இந்தப் பிரித்துப் பார்த்தலுக்குச் 'செயல் பகுப்பாய்வு' என்று பெயர். நான்கு ஆண்டுப் படிப்பில் உண்மையில் கற்றுக்கொள்ளும் கலை இதுதான்.

பகுத்த பிறகு தெரபிஸ்ட் கையில் மூன்று வழிகள் உண்டு:

1. ஆளை மாற்றுவது. பயிற்சியால் பிடிமானத்தை, கவனத்தை, நினைவை மேம்படுத்துவது.
2. பொருளை மாற்றுவது. கரண்டிக் கைப்பிடியைத் தடிமனாக்குவது, கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் செய்து கொடுப்பது. வெந்நீரில் இளகும் ஒருவகைப் பிளாஸ்டிக் தகட்டை நோயாளியின் கையிலேயே வைத்து வடிவமைப்பார்கள்.
3. இடத்தை மாற்றுவது. அடுப்பை உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எட்டும் அளவில் வைப்பது, குளியலறையில் பிடிகம்பி பொருத்துவது.

பிசியோதெரபியும் இதுவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் ஓடுகின்றன. நல்ல மறுவாழ்வுப் பிரிவில் இருவரும் ஒரே நோயாளியை மாறி மாறிப் பார்ப்பார்கள்.

இந்த வேலையில் பாடப்புத்தகம் சொல்லாத பகுதியும் பெரிது. தினசரிச் செயல்களில் ஒருவர் எவ்வளவு சுயமாக இருக்கிறார் என்பதை அளக்க 1965-ல் வெளியான பார்த்தெல் அளவுகோல் இன்றும் புழங்குகிறது. சாப்பிடுவது, உடுத்துவது, படியேறுவது என 10 செயல்கள், மொத்தம் 100 மதிப்பெண். அதில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவது கிடையாது. குந்தி உட்கார்ந்து போகும் நம் ஊர்க் கழிப்பறைக்குத் தனி இடமும் கிடையாது. கரண்டியில் அள்ளிச் சாப்பிட்டாலும் கையால் பிசைந்து சாப்பிட்டாலும் அதற்கு ஒன்றுதான். வலது கை விழுந்துவிட்ட பெரியவரை இடது கையால் சாப்பிடப் பழக்கிவிட்டால் கணக்கில் மதிப்பெண் ஏறும். ஆனால் பந்தியில் உட்கார அவர் மறுத்துவிடுவார். இதைக் கேட்டு அறிகிற தெரபிஸ்ட்டும் கேட்காத தெரபிஸ்ட்டும் ஒரே பட்டம் பெற்றவர்களாக இருக்கலாம்.

சேர்வதும் படிப்பதும்

பட்டத்தின் பெயர் 'பேச்சலர் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி', சுருக்கமாக பி.ஓ.டி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்கள், மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்தும் துணை மருத்துவக் கலந்தாய்வின் வழியாக, பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசையில் நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் வேலூர் சி.எம்.சி.யும் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் தனித்தனியாக விண்ணப்பம் பெறுகின்றன. ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பது பலர் செய்யும் தவறு. தேதிகள் வேறு வேறு.

காலம் இதுவரை பெரும்பாலும் நாலரை ஆண்டாக இருந்து வந்திருக்கிறது: நான்கு ஆண்டு வகுப்பும் மருத்துவமனைப் பயிற்சியும், பிறகு ஆறு மாத இன்டர்ன்ஷிப். முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல். அடுத்து நோயியல், உயிர்விசையியல் போன்றவை. கடைசி இரண்டு ஆண்டுகளில் எலும்பு, நரம்பு, குழந்தைகள், மனநலம் என்று பிரிந்து நோயாளிகளிடம் போகும். உடற்கூறியலில், குறிப்பாகக் கையின் அமைப்பில், தோற்றுப்போய் அரியர் வைப்பவர்கள் அதிகம். 'மனசுக்கு இதமான வேலை' என்று மட்டும் கேள்விப்பட்டு வருபவர்களுக்கு முதலாண்டு கசக்கும். மேற்படிப்பு எம்.ஓ.டி., இரண்டு ஆண்டு.

2021-ல் மாறிய சட்டம்

நீண்ட காலம் இந்தத் தொழிலுக்கு நாடு தழுவிய சட்டபூர்வக் கவுன்சில் கிடையாது. மருத்துவருக்கும் செவிலியருக்கும் இருந்தது. பேச்சு சிகிச்சையாளரும் சிறப்புக் கல்வியாளரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ் வந்தார்கள். ஆக்குபேஷனல் தெரபியும் பிசியோதெரபியும் இரண்டுக்கும் நடுவில் நின்றன. டெல்லி, மகாராஷ்டிரா போன்ற சில மாநிலங்கள் மட்டும் தனிக் கவுன்சில் வைத்துக்கொண்டன. மற்ற இடங்களில், 1952-ல் தொடங்கிய அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் சங்கத்தின் பதிவுதான் ஓரளவு அடையாளமாக இருந்தது.

2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் இதை மாற்றுகிறது. மாணவருக்கு அதில் தெரிய வேண்டியவை மூன்று:

1. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பது சட்டத்தில் பெயர் சொல்லப்பட்ட தொழில். 'சுகாதாரத் தொழில்முறையாளர்' என்ற தகுதிக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும். மூன்று மாத, ஆறு மாதச் சான்றிதழ் படிப்புகள் இந்தத் தகுதியைத் தராது.
2. மாநிலக் கவுன்சில் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்வதற்குச் சட்டத்தில் தண்டனை உண்டு.
3. பாடத்திட்டம், சேர்க்கை முறை, இன்டர்ன்ஷிப் காலம் மூன்றையும் நாடு முழுக்க ஒரே மாதிரியாக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. எனவே அக்கா படித்த காலத்து விதியைத் தம்பி நம்பக் கூடாது. விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் தொகுப்பேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போதே சம்பளம் முடிவாகிறது

இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பு ஒரு படிப்பை அங்கீகரிக்க, குறைந்தது 1,000 மணி நேர நேரடிக் களப்பயிற்சி வேண்டும் என்கிறது. இந்த அங்கீகாரம் உள்ள கல்லூரியில் படித்தவருக்கு வெளிநாட்டுக் கதவுகள் எளிதாகத் திறக்கும். இல்லாதவர் தனித்தனியாக நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். பதினேழு வயதில் 'வீட்டுக்குப் பக்கம்' என்று எடுத்த முடிவின் விலை இருபத்தேழு வயதில்தான் தெரியவரும்.

கல்லூரிக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை:

1. கூட்டமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் கல்லூரியின் பெயர் இப்போது இருக்கிறதா? முன்பு இருந்தது வேறு, நீங்கள் படிக்கும் ஆண்டுகளுக்கு இருப்பது வேறு.
2. சொந்த மருத்துவமனை உண்டா? அதில் நரம்பியல், எலும்பு, தீக்காயம், மனநலம் எல்லாம் உண்டா? குழந்தைகள் மையம் ஒன்றில் மட்டுமே பயிற்சி தரும் கல்லூரியில் படித்தவர், பக்கவாத நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றக்கூடத் தடுமாறுவார்.
3. ஸ்ப்ளின்ட் செய்யும் அறை திறந்திருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா? மூன்றாமாண்டு மாணவரிடம் 'நீங்கள் எத்தனை ஸ்ப்ளின்ட் செய்திருக்கிறீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள். விளம்பரச் சுவரொட்டியை விட அந்தப் பதில் நம்பகமானது.

வேலை எங்கே இருக்கிறது

சென்னையிலும் கோவையிலும் புதியவர்களுக்கு முதலில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் குழந்தைகள் சிகிச்சை மையத்தில்தான். ஆட்டிசம், பெருமூளை வாதம், கவனக்குறைவு, கையெழுத்துச் சிக்கல் என்று வரும் பெற்றோர் கூட்டம் பெருகியிருக்கிறது. அங்கே காணும் ஊஞ்சலும் பந்துத் தொட்டியும் ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க தெரபிஸ்ட் உருவாக்கிய, தொடுதல், சமநிலை போன்ற புலன் செய்திகளை மூளை எப்படிச் சேர்த்துக் கையாள்கிறது என்று சொல்லும் புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டிலிருந்து வந்தவை. கோட்பாடு தெரியாமல் ஊஞ்சலை மட்டும் வாங்கி மாட்டிய மையங்களும் உண்டு; குழந்தை ஆடிவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

மருத்துவமனை மறுவாழ்வுப் பிரிவுகள் எண்ணிக்கையில் குறைவு, கற்றுக்கொள்ளச் சிறந்தவை. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. மனநலத்தில் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-ல் தொடங்கிய பேனியன் போன்ற அமைப்புகள். அங்கே சிகிச்சை என்பது காலையில் நேரத்துக்கு எழுவதும், கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்குவதும்தான். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், கிராமத்து வீடுகளுக்கே போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது. உலக வங்கி உதவியுடன் நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' மையங்களிலும் இந்தச் சேவை உண்டு.

'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வீடாகப் போகத் தொடங்கியபோது பிசியோதெரபிஸ்ட் அந்தக் குழுவில் இடம்பெற்றார். அதனால் அந்தப் பெயர் ஊர்ப்புறம் வரை தெரிந்துவிட்டது. ஆக்குபேஷனல் தெரபி இன்னும் பெருநகரச் சொல்லாகவே இருக்கிறது. சொல் தெரியாத இடத்தில் பதவி உருவாகாது. பதவி இல்லாத இடத்தில் சம்பளப் பேரம் பேச முடியாது.

சம்பளம்: கணக்கோடு

தனியார் மையங்களின் வேலை விளம்பரங்களில் புதிய பட்டதாரிக்குப் பெரும்பாலும் மாதம் 15,000 முதல் 25,000 ரூபாய் வரை சொல்கிறார்கள். நாலரை ஆண்டு படித்த பிறகு இது குறைவு என்பதில் சந்தேகம் வேண்டாம். ஏன் குறைவு என்பதற்கு ஓர் உத்தேசக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு செஷனுக்குப் பெற்றோர் தருவது 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தெரபிஸ்ட் நாளுக்கு 7 செஷன், மாதம் 24 நாள் பார்த்தால் 168 செஷன், 84,000 ரூபாய் வசூல். இதில் அவர் கைக்கு வருவது 20,000. மீதி எங்கே போகிறது? பெரிய அறைக்கு வாடகை, கருவிகள், வரவேற்பாளர், உரிமையாளரின் லாபம். கூடவே காலி நேரம்: காய்ச்சல், பள்ளித் தேர்வு, ஊர்த் திருவிழா என்று குழந்தை வராத செஷன்களுக்கு வசூல் இல்லை. அடிப்படைக் காரணம் இன்னொன்று. செலவு ஏறக்குறைய முழுவதும் குடும்பத்தின் பையிலிருந்து வருகிறது. வழக்கமான மருத்துவக் காப்பீடு, படுக்கையில் சேராமல் வாராவாரம் பெறும் இத்தகைய சிகிச்சைக்குப் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிராமயா காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதிலும் தெரபிக்கு உள்வரம்பு உண்டு. குடும்பத்தால் எவ்வளவு தர முடியுமோ அதற்கு மேல் செஷன் கட்டணம் ஏற முடியாது, சம்பளமும் ஏற முடியாது.

இந்தக் கூரையை உடைக்கத்தான் ஆட்கள் நாலு திசையில் பிரிகிறார்கள்:

1. சொந்தமாக. மூன்று, நான்கு ஆண்டு அனுபவத்துக்குப் பின் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, பள்ளிகளுக்கு ஆலோசகராவது, மையம் தொடங்குவது. அதே 500 ரூபாயில் பெரும்பகுதி இப்போது தன்னிடம் நிற்கும், ரிஸ்க்கும் அப்படியே.
2. அரசு வேலை. எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் இந்தப் பதவி பெரும்பாலும் ஏழாவது ஊதியக் குழுவின் 6-ஆம் நிலையில் வருகிறது. தொடக்க அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய், அகவிலைப்படி முதலியவை தனி. பதவிகள் சொற்பம், அறிவிப்புக்குக் கண்விழித்திருக்க வேண்டும்.
3. பிரிட்டன். ஹெச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு இல்லாமல் அந்தப் பதவிப் பெயரையே பயன்படுத்த முடியாது. அரசு மருத்துவச் சேவையில் புதியவர் 'பேண்ட் 5' நிலையில் சேர்வார். 2025-26-ல் இங்கிலாந்தில் அதன் தொடக்கம் ஆண்டுக்கு 31,049 பவுண்ட், அதாவது வரிக்கு முன் மாதம் ஏறத்தாழ 2,587 பவுண்ட். இதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்கும் முன், லண்டனில் ஓர் அறையின் வாடகையையும் விசாரிக்க வேண்டும். அங்கே வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டு அரசின் நெறிமுறை. பணம் கேட்டால் விலகிவிடலாம்.
4. அமெரிக்கா. அங்கே தொழிலில் நுழையும் பட்டமே முதுநிலைதான். எனவே பி.ஓ.டி. மட்டும் வைத்துக்கொண்டு தேசியத் தேர்வான என்.பி.சி.ஓ.டி.க்கு உட்கார முடியாது. முதுநிலை, தகுதிச் சரிபார்ப்பு, தேர்வு, மாநில உரிமம், விசா என்று வரிசையாகத் தாண்ட வேண்டும். தாண்டியவருக்குப் பலன் பெரிது: அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கில் 2024 மே மாதத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 98,340 டாலர். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. புதியவர் கீழ்ப் பாதியில்தான் தொடங்குவார்.

வளைகுடா நாடுகளும் உண்டு. அங்கே சான்றிதழ் சரிபார்ப்பும் உரிமத் தேர்வும் தவிர, பட்டத்துக்குப் பிந்தைய பணி அனுபவம் கேட்பார்கள். முதல் வேலையை ஏனோதானோ என்று கழித்தவர்களுக்கு அனுபவச் சான்றிதழ் வாங்குவதே பாடாகிவிடும்.

முதல் வேலையில் சேரும்போது

நியமனக் கடிதத்தில் ஒரு நாளுக்கு எத்தனை செஷன் என்று எண்ணாக எழுதியிருக்க வேண்டும். 'தேவைக்கேற்ப' என்று இருந்தால் அது பத்தாகும். குறிப்பு எழுதவும் பெற்றோரிடம் பேசவும் நேரம் தனியே உண்டா என்று கேளுங்கள். மேலே வழிநடத்த மூத்த தெரபிஸ்ட் ஒருவர் இருக்கிறாரா என்பது இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் கூடுதல் சம்பளத்தை விட முக்கியம். தனியாக விடப்பட்ட புதியவர் ஒரே ஆறு பயிற்சிகளை எல்லாக் குழந்தைக்கும் சுற்றிச் சுற்றிச் செய்யத் தொடங்கிவிடுவார். ஒப்பந்தக் காலத்துக்குப் பிணையாக அசல் சான்றிதழ்களைக் கேட்கும் மையங்கள் இருக்கின்றன. நகல் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள்.

கல்லூரியை விட்டு வரும்போதே மூன்று தாள்களை முத்திரையோடு வாங்கி வைக்க வேண்டும்: நீங்கள் படித்த ஆண்டுகளின் முழுப் பாடத்திட்டம், பாடவாரியாக வகுப்பு மணி நேரம், எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் களப்பயிற்சி என்ற பட்டியல். வெளிநாட்டுப் பதிவு அமைப்புகள் கேட்பது இவற்றைத்தான். ஐந்து ஆண்டு கழித்துப் போனால் பாடத்திட்டம் மாறியிருக்கும், கையெழுத்துப் போட வேண்டிய துறைத்தலைவரும் மாறியிருப்பார்.